அலறும் வேர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பைபிளின் ஆதியாகமத்தில் ரூபன் வயல்வெளியில் கண்டெடுத்துத் தன் தாய் லேயாளிடம் கொடுக்கும் 'தூதாயீம் கனி' மாண்ட்ரேக் என்ற செடியின் பழம் என்று அண்மையில் அறிந்தேன். என் தலைமுறைக்கு அது படக்கதையில் வந்த மந்திரவாதியின் பெயர். பிடுங்கும்போது அதன் வேர் அலறும், அலறலைக் கேட்டவர் அங்கேயே இறந்துவிடுவார் என்ற கதையையும் படித்தேன். நச்சுச்செடியை யாரும் நெருங்கக் கூடாது என்பதற்காகவே முன்னோர் இப்படிக் கதை கட்டியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. சரிதானா? தூக்கம் தரும் என்று சொல்லி அதன் உலர்ந்த வேரை இணையத்தில் விற்கிறார்கள். சில மாதங்களாகத் தூக்கமில்லாமல் தவிக்கும் எனக்கு வாங்கிப் பார்க்கலாமா என்ற எண்ணமும் இருக்கிறது.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்க வேண்டாம்.

தூதாயீம் மாண்ட்ரேக்தான் என்பது பழைய கருத்து. எபிரேய வேதத்தின் தொன்மையான கிரேக்க மொழிபெயர்ப்பே அதை மாண்ட்ரகோராவின், அதாவது மாண்ட்ரேக்கின், கனி என்று சொல்கிறது. 'தூதாயீம் பழம் வாசனை வீசும்' என்ற உன்னதப்பாட்டு வரியும் மணமுள்ள அந்தப் பழத்துக்குப் பொருந்துகிறது. மத்தியதரைக்கடல் நாடுகளில் வளரும் இச்செடிக்குத் தண்டு என்று ஏதும் கிடையாது. சுருக்கம் விழுந்த நீண்ட இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்க, அவற்றின் நடுவே மணி போன்ற ஊதாப் பூக்களும், பின்னர் சிறு தக்காளி போன்ற மஞ்சள் பழங்களும் வரும். கத்தரிக்கும் ஊமத்தைக்கும் இது உறவு. ஆனால் இதற்குப் புகழ் தந்தது தடித்த வேர்தான். அது பல நேரங்களில் இரண்டாகக் கவைத்துக் கீழிறங்குவதால், கால்களை அகட்டி நிற்கும் மனிதனைப் போலத் தோன்றும். மலடு நீக்கும், காதலை வசப்படுத்தும், செல்வம் சேர்க்கும் என்ற நம்பிக்கைகளுக்கெல்லாம் அந்த உருவமே பெரிதும் காரணம். பிள்ளைப்பேறு வேண்டிய ராகேல், தனக்கும் அக்காள் லேயாளுக்கும் பொதுவான கணவனோடான ஓர் இரவை விட்டுக்கொடுத்து அந்தக் கனியை அவளிடம் வாங்குகிறாள். ஆனால் அந்த இரவில் கருவுறுகிறவள் கனியைக் கொடுத்துவிட்ட லேயாள். கதை சொன்னவர் இந்த நம்பிக்கையைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றும்.

உங்கள் ஊகத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கதைகள் அஞ்சச் சொல்வது வேரைத் தோண்டுவதற்கு, உண்பதற்கு அல்ல. வாளால் செடியைச் சுற்றி மூன்று வட்டம் வரைந்து, மேற்கு நோக்கி நின்று வெட்ட வேண்டும், இரண்டாவது துண்டை வெட்டும்போது இன்னொருவர் சுற்றி ஆடியபடி காமத்தைப் பற்றி இயன்றவரை பேச வேண்டும் என்று வேர் தோண்டுவோர் சொல்வதைக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் கி.மு. 4-ஆம் நூற்றாண்டையொட்டிய காலத்திலேயே பதிவு செய்து, இவை ஒட்டவைத்த சங்கதிகள் என்று ஒதுக்கிவிடுகிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் 'பாராஸ்' என்னும் வேரைப் பற்றி எழுதும்போது, அதைச் சுற்றித் தோண்டி ஒரு நாயைக் கட்டிவிட்டால், எசமானைப் பின்தொடர்ந்து ஓடும் நாய் வேரைப் பிடுங்கிவிட்டுத் தானும் செத்துவிழும் என்கிறார். மாண்ட்ரேக் என்ற பெயரை அவர் சொல்லவில்லை. ஆனாலும் நாய் இந்த வேரோடு ஒட்டிக்கொண்டது. ஏறத்தாழ கி.பி. 512-இல் கான்ஸ்டான்டினோபிளில் அனிசியா ஜூலியானா என்ற அரசகுலப் பெண்மணிக்காக உருவாகி, இன்று வியன்னாவில் இருக்கும் மருத்துவச் சுவடியில் ஓர் ஓவியம் உண்டு. மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். 'கண்டுபிடிப்பு' என்னும் தேவி மனித உருவிலான வேரை அவரிடம் நீட்டுகிறாள். கயிற்றால் வேரோடு பிணைக்கப்பட்ட நாய் கீழே துடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நாயை இருவருமே பார்ப்பதில்லை.

தோண்டுவது உயிருக்கு ஆபத்து என்றால் வேரின் விலை ஏறும். வாங்குபவர் தானே போய்த் தோண்டத் துணியமாட்டார். இதனால் ஆதாயம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மானிய நாடுகளில் தூக்குமரத்தின் அடியில், தூக்கிலிடப்பட்டவனின் உடலிலிருந்து சொட்டியதில் முளைத்தது என்று சொல்லி விற்ற வேருக்குத் திராட்சை மதுவில் குளியல், பட்டுத்துணி, பெட்டிக்குள் இடம் என்று வீட்டுத் தெய்வத்துக்குரிய மரியாதை நடந்தது. அவற்றில் பல மாண்ட்ரேக்கே அல்ல. பிரையோனி என்னும் கொடியின் கிழங்கை ஆள்போலச் செதுக்கி, தலையில் தினையைப் பதித்து முளைக்கவைத்து, முளையையே முடியாகக் காட்டிய போலிகள். ஆங்கில மூலிகையாளர் ஜான் ஜெரார்ட் 1597-இல் வெளியிட்ட மூலிகை நூலில், தானும் தன் பணியாட்களும் பலமுறை இச்செடியைத் தோண்டி எடுத்தும் மாற்றி நட்டும் இருப்பதாகவும், அந்த மனித உருவத்தைக் கண்டதேயில்லை என்றும் அலுப்போடு எழுதுகிறார். யாரும் சாகவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? இருந்தும் அதன் பெயரே ஒருவரைக் குற்றவாளியாக்கப் போதுமானதாக இருந்தது. 1431-இல் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் மீது சாட்டப்பட்ட குற்றங்களில் மாண்ட்ரேக் வைத்திருந்தார் என்பதும் ஒன்று. அவர் அதை மறுத்தார்.

இனி உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். வேர் தூக்கம் தரும் என்பது பொய்யல்ல. அறுவைக்கும் சூடிடுவதற்கும் முன்னால் வலி தெரியாதிருக்க மாண்ட்ரகோரா மதுவைக் கொடுப்பதை டயாஸ்கோரிடிஸ் விவரிக்கிறார். மிகுதியாகக் குடித்தால் உயிர் போகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். ஆண்ட்ரெஸ் லகூனா என்ற ஸ்பானிய மருத்துவர் 1540-களில் மெட்ஸ் நகரில் பணியாற்றியபோது, சூனியக்காரர் என்று பிடிபட்ட தம்பதியிடம் மாண்ட்ரேக், நச்சுக் குரோசாணி முதலியவை சேர்ந்த பச்சைக் களிம்பு கிடைத்தது. அதை உறக்கமின்றித் தவித்த ஒரு பெண்ணின் உடல் முழுவதும் பூசச் செய்தார். அவள், தூக்கிலிடுபவனின் மனைவி, முயலைப் போலக் கண்ணைத் திறந்தபடியே 36 மணி நேரம் கிடந்தாள். பாடுபட்டு எழுப்பியபோது, உலகத்து இன்பமெல்லாம் சூழ இருந்த என்னை ஏன் எழுப்பினீர்கள் என்று கேட்டதோடு, கணவனைவிட இளையவன் ஒருவனோடு கூடியிருந்ததாகவும் சொன்னாள். சூனியக்காரிகள் பறந்து போவதாகச் சொன்னதும் இத்தகைய மயக்கம்தான் என்று லகூனா முடிவுகட்டினார்.

அந்த உறக்கத்துக்குப் பின்னால் இருப்பவை ஸ்கோபோலமைன், ஹயோசயமைன், அட்ரோபின் என்னும், இச்செடியிலுள்ள நச்சுப் பொருட்கள். நாவும் தொண்டையும் வறண்டு, வியர்வை நின்று உடல் கொதிக்கும். கண்மணி விரிந்து எழுத்து கலங்கும். நாடி படபடக்கும், சிறுநீர் கட்டும். இல்லாத மனிதர்களோடு பேசத் தோன்றும். அளவு மிஞ்சினால் நினைவு தப்பி, மூச்சும் அடங்கலாம். 2022 அக்டோபரில் இத்தாலியின் நேப்பிள்ஸ் வட்டாரத்தில் பசலை வகைக் கீரையோடு மாண்ட்ரேக் இலை கலந்துவிட, சமைத்து உண்டவர்கள் இப்படித்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். செடிக்குச் செடி நஞ்சின் அளவு மாறுவதால், போன முறை தூங்கவைத்த அதே எடை அடுத்த முறை என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில மாதமாகத் தூக்கம் வராததை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். இணையத்தில் விற்பது போலிதானே, என்ன ஆகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பிரையோனிக் கிழங்கும் கடுமையாகப் பேதியாக்கும் நஞ்சு.

அன்புடன்.