ராகுகாலத்தில் கடை திறக்கலாமா?

தம்பி, சுன்னாகத்தில் பலசரக்குக் கடை திறக்க போதகர் செவ்வாய் 3 மணிக்குத்தான் வரலாம் என்கிறார், அது ராகுகாலம் என்று சைவரான மாமா தடுக்கிறார், உங்களுக்கும் உள்ளுக்குள் பயம் என்று எழுதியிருந்தீர்கள். பயத்தை ஒளிக்காமல் சொன்னீர்களே, அது நல்லது.

வேதாகமத்தில் பவுல் கொலோசெ சபைக்கு எழுதிய கடிதமான கொலோசெயர் நிருபத்தை ஒரே இருப்பில் வாசியுங்கள். 4 அதிகாரம்தான். அந்தச் சபையாருக்கும் நாள், மாதப்பிறப்பு, கண்ணுக்குத் தெரியாத அதிகாரங்கள் என்று குழப்பம் இருந்தது. பவுல் அவர்களுக்குப் பரிகாரம் எதுவும் சொல்லவில்லை. அந்த அதிகாரங்களையும் படைத்தவர் கிறிஸ்து, சிலுவையில் அவற்றை வென்றவரும் அவரே என்கிறார். அப்படியென்றால் செவ்வாய் 3 மணியும் அவருடையதுதான்.

என் அப்பா குருநகரில் கடற்றொழில் செய்தவர். எஞ்சின் இழுக்க முன்னர் வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தில் கைவைத்து, "ஆண்டவரே, இது உம்முடைய வள்ளம்" என்பார். மீன் படாத நாளிலும் அதே வார்த்தைதான்.

ஒன்று கவனியுங்கள். ராகுகாலத்தை விட்டுவிட்டு, காவலுக்கென்று வாசலில் சிலுவை மாட்டினால் பழைய பயம்தான் வேறு உருவத்தில் நிற்கும். இயேசு முதல்வர் என்பது உங்கள் தராசிலும் கடன் கொப்பியிலும் தெரியவேண்டும்.

மாமாவோடு வாதாட வேண்டாம். ராகுகாலம் முடியும் 4.30க்குப் பிறகு அவரை மரியாதையாகக் கூப்பிடுங்கள், முதல் வியாபாரம் அவர் கையால் நடக்கட்டும்.