அரசு வாடகை வீட்டில் இருப்பவரை நடத்தை சரியில்லை என்று காலி செய்ய வைக்கலாமா?

வாடகை பாக்கி இல்லை, வீட்டை உள்வாடகைக்கும் விடவில்லை. குப்பை, சத்தம், அடாவடி இதற்காக மட்டும் வெளியேற்றுவது நியாயமா என்று கேட்கிறீர்கள். வெளியேற்றலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் தப்புச் செய்தவர் ஒருவர், தெருவுக்கு வருவது மொத்தக் குடும்பம் என்று ஆகும்போதுதான் எனக்கு இடிக்கிறது.

ஹாங்காங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நான்கில் ஒருவருக்கும் மேல் அரசு வாடகைக் குடியிருப்பில் இருக்கிறார்கள். 2003-இல் சார்ஸ் நோய் ஆட்டிப்படைத்த கையோடு, குடியிருப்புச் சுத்தத்துக்காக ஒரு புள்ளி முறை கொண்டுவந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே துணிக்கம்பு செருகும் குழாயில் தரை துடைக்கும் மாப்பைச் செருகிக் காயவைத்தால் 3 புள்ளி. பொது இடத்தில் மெழுகு காய்ச்சினால் 5. (சிரிக்காதீர்கள், நடு இலையுதிர்காலப் பண்டிகை இரவில் பிள்ளைகள் தகர டப்பாவில் மெழுகைக் கொதிக்கவைத்துத் தண்ணீர் ஊற்றி, தீ குபீரென்று எழுவதை வேடிக்கை பார்ப்பார்கள்.) எச்சில் துப்பினால் 7. ஆளைக் காயப்படுத்தக்கூடிய பொருளை மாடியிலிருந்து வீசினால் 15. பட்டியல் அவ்வப்போது மாறியிருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் 16 புள்ளி சேர்ந்தால் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம்.

கெடுபிடிதான், மறுக்கவில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும், சுதாரித்துக்கொள்ள அவகாசமும் உண்டு. இருபதாவது மாடியிலிருந்து பூந்தொட்டியை வீசுகிறவருக்காகக் கீழே நடக்கிறவர்கள் தலையைப் பணயம் வைக்க முடியாது.

அமெரிக்காவில் அந்த அவகாசமே இல்லை. வாடகைதாரரோ, வீட்டில் இருப்பவரோ, வந்துபோகும் விருந்தாளியோ போதைப்பொருள் குற்றம் செய்தால் வீட்டைத் திரும்பப் பெறலாம் என்று 1988 சட்டம் சொல்கிறது. ஓக்லாந்தில் 63 வயது பெர்லி ரக்கருக்கு அப்படித்தான் நோட்டீஸ் வந்தது. அவருடைய மனவளர்ச்சி குன்றிய மகள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி கொக்கைனுடன் பிடிபட்டாள். மகளின் அறையை அடிக்கடி சோதனை போடுவேன், ஒன்றும் கிடைத்ததில்லை என்றார் அந்த அம்மா. இதே வழக்கில் இருந்த இன்னொருவர் 75 வயது மாற்றுத்திறனாளி. போதைப்பொருள் வைத்திருந்தது அவரைப் பார்த்துக்கொள்ள வந்த பணியாள்.

2002-இல் உச்ச நீதிமன்றம் 8-0 என்று தீர்ப்புச் சொன்னது: வாடகைதாரருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை, வெளியேற்றுவதும் விடுவதும் வீட்டு வாரியத்தின் விருப்பம். ரக்கர் மீதான வழக்கை மட்டும் வாரியம் 1998-லேயே கைவிட்டிருந்தது. மகள் அதற்குள் சிறைக்குப் போய்விட்டதால், இனி அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தில்லையாம்!

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். என்னைக் கேட்டால், நோட்டீஸ் கொடுக்கும் முன் அந்த வாரியம் இரண்டு விஷயம் நிரூபிக்க வேண்டும்: நடந்தது வாடகைதாரருக்குத் தெரியும், தெரிந்தும் தடுக்கவில்லை. மாப் சொட்டுவதற்கெல்லாம் அபராதம் போட்டால் போதும்.