சும்மா கிடக்கும் புராசஸ்களை எப்போது கொல்லலாம்?

பலர் சேர்ந்து பயன்படுத்தும் லினக்ஸ் சர்வர்களில் தங்கிப்போகும் புராசஸ்களை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை, தானாக அகற்றுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சார், யார் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்லும் 'டபிள்யூ' (w) கமாண்ட் காட்டும் ஐடில் (சும்மா இருந்த) நேரத்தை வைத்தே கொன்றுவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். டெர்மினலில் கடைசியாக எப்போது தட்டச்சு செய்தார்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் சொல்கிறது. மாலையில் ஒரு கணக்கை ஓடவிட்டுப் போனவருக்குக் காலையில் 14 மணி நேரம் ஐடில் என்று காட்டும். ஆனால் அவருடைய புரோகிராம் ஒரு சிபியு கோரை முழுதாகத் தின்றுகொண்டிருக்கும். பார்க்க வேண்டியது சிபியு நேரம், அதாவது புராசஸ் சிபியுவை உண்மையில் பயன்படுத்திய நேரம். புராசஸ்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' (ps) காட்டும் டைம் பத்தியில் மாலையில் 00:12:40 இருந்து, மறுநாள் காலையிலும் அதே 00:12:40 என்றால், அந்தப் புராசஸ் எதுவும் செய்யவில்லை.

அதிலும் ஒரு சிக்கல். கமாண்ட்களை வாங்கி ஓட்டும் ஷெல்லான பாஷ், தான் தொடங்கிய பிள்ளை புராசஸ் முடியும்வரை காத்திருக்கும், அதன் சொந்த நேரம் நகராது. அதனால் தனி புராசஸைப் பார்க்காமல், அந்த செஷனின் சிகுரூப் (கெர்னல் ஒன்றாகக் கணக்கிடும் புராசஸ் குழு) மொத்தமாக எவ்வளவு சிபியு எடுத்தது என்று பாருங்கள்.

கேள்வி: டிஎம்அவுட் (TMOUT, குறிப்பிட்ட நேரம் எதுவும் தட்டாவிட்டால் ஷெல்லை மூடும் அமைப்பு) வைத்தால் போதாதா?

பதில்: ஷெல் பிராம்ப்டில் காத்திருந்தால்தான் அது வேலை செய்யும். விம் எடிட்டர் திறந்து கிடந்தால் ஒன்றும் ஆகாது.

கேள்வி: லாக்-அவுட் ஆனதும் எல்லாவற்றையும் கொல்லும் வசதி, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது, 'கில் யூசர் புராசஸஸ்'. 2016இல் 230ஆம் பதிப்பில் அதை இயல்பாகவே இயக்கிவிட்டார்கள். லாக்-அவுட்டுக்குப் பிறகும் வேலையை ஓடவிடும் டிமக்ஸ், ஸ்கிரீன் ஆகியவற்றின் பயனர்கள் கொதித்துப்போனார்கள். டெபியன் லினக்ஸ் அதை அணைத்தே வைத்தது. நீங்கள் இயக்குவதானால் பயனர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். லிங்கர் (லாக்-அவுட்டுக்குப் பிறகும் பயனரின் சேவைகள் தொடரும் அனுமதி) கொடுத்தால் மட்டும் போதாது, டிமக்ஸை 'சிஸ்டம்டி-ரன்' வழியாக, லாக்-இன் செஷனுக்கு வெளியே, பயனர் ஸ்கோப்பில் தொடங்கவும் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: ஸ்கிரிப்ட்டில் நேராக கில் -9 போட்டிருக்கிறேன். சரியா?

பதில்: இல்லை. முதலில் 15, அதாவது முடித்துக்கொள் என்று கேட்கும் டெர்ம் சிக்னல். கோப்பை எழுதி முடிக்கவும் பூட்டிவைத்த கோப்புகளை விடுவிக்கவும் புரோகிராமுக்கு அவகாசம் கிடைக்கும். 30 விநாடி பொறுத்தும் போகவில்லை என்றால்தான் 9, அதாவது அவகாசமே தராமல் கொல்லும் சிக்னல். நான் அவசரப்பட்டு 9 அனுப்பி, ஒருவரின் மூன்று நாள் கணக்கின் விடைக்கோப்பு பாதியில் அறுந்துபோனது. அவர் முகம் இன்றும் நினைவிருக்கிறது.

அப்புறம், எச்சரிக்கை மெயில் அனுப்பி ஒரு நாள் கழித்துக் கொல்கிறீர்களா? புராசஸின் அடையாள எண்ணான பிஐடி மட்டும் போதாது, தொடங்கிய நேரத்தையும் ஒப்பிடுங்கள். பழைய எண் இதற்குள் வேறொருவரின் புராசஸுக்குப் போயிருக்கலாம்.

கேள்வி: பட்டியலில் ஸோம்பி என்று காட்டும் புராசஸ் எத்தனை முறை கொன்றாலும் சாகவில்லையே?

பதில்: அது ஏற்கெனவே செத்ததுதான், பட்டியலில் ஒரு வரி மட்டும் மிச்சம். அதைத் தொடங்கிய தாய் புராசஸைக் கவனியுங்கள்.

கேள்வி: சும்மா இருந்தாலும் மெமரியைப் பிடித்துவைக்கிறதே, என்ன செய்ய?

பதில்: அதற்குக் கொலை எதற்கு? பயனர் ஸ்லைஸில் (ஒரு பயனரின் எல்லாப் புராசஸ்களும் சேர்ந்த சிகுரூப்) 'மெமரி மேக்ஸ்' வரம்பு வையுங்கள். ஒருவர் மிஞ்சினால் பாதிப்பு அவருக்கு மட்டும்தான், மற்றவர்களின் வேலை ஓடும்.