கூண்டு வாங்கும் முன் கிரில்லைத் தடவிப் பாருங்கள்

கேள்வி: பாம்பனில் கடலைப் பார்த்த வீடு எங்களுடையது. பிள்ளைகளுக்காக ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கப் போகிறோம். முன் வராண்டாவில் தொங்கவிட வேண்டும் என்கிறான் மகன். "அடுப்படிப் பக்கம் வை, நான் பாத்துக்கிறேன்" என்கிறார் மாமியார். கணவர் ஏசி ரூம்தான் நல்லது என்கிறார். கடைக்காரரோ "ஜிஐ கூண்டும்மா, எங்க வேணா வைக்கலாம்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: வீட்டில் மூவரும் பாசத்தில் சொல்கிறார்கள், கடைக்காரர் வியாபாரத்தில் சொல்கிறார். நால்வர் சொன்னதும் உங்கள் வீட்டுக்குச் சரிப்படாது. கூண்டுக்குப் பணம் கொடுக்கும் முன் இடத்தை முடிவு செய்யுங்கள். எந்தக் கூண்டு என்பதை அந்த இடம்தான் சொல்லும்.

முதலில் வராண்டா. உங்கள் முன் கிரில்லை விரலால் ஒரு தடவு தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பாக, வெள்ளையாக ஒட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும். கூண்டை அங்கே தொங்கவிட்டால் கம்பி, தீவனம், தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றிலும் அதுதான் படியும். "காற்று வராத பக்கமாக மாட்டுகிறோம்" என்பீர்கள். பாம்பனில் அப்படி ஒரு பக்கம் ஏது? வைகாசியிலிருந்து கச்சான் காற்று தெற்கு, மேற்குப் பக்கம் அடிக்கும். ஐப்பசி வந்தால் வாடை வடக்கிலிருந்து வரும். ஆறு மாதம் பத்திரமாக இருந்த மூலை அடுத்த ஆறு மாதம் காற்றுக்கு நேராக நிற்கும்.

கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று கொடுப்பது பெரும்பாலும் பட்ஜிதான். 30, 40 கிராம் எடை. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை என்பதால் நம் வெயிலை நிழலில் இருந்தால் ஓரளவு தாங்கும். விடாமல் மேலே அடிக்கும் ஈரக்காற்றைத் தாங்காது. சந்தேகம் இருந்தால், கூண்டு வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு நாள் பாருங்கள். நூல் சும்மா லேசாக ஆடினால் சரி. ஓயாமல் படபடத்தால் அந்த இடம் வேண்டாம்.

அடுப்படி கூடவே கூடாது. மாமியார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கருவாடு பொரிக்கும் புகையும் தாளிப்பு நெடியும் நமக்கு இருமலோடு போய்விடும். பறவையின் உடம்பில் நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. நம்மைவிட நன்றாகக் காற்றை உறிஞ்சும், அதில் உள்ள நஞ்சையும் அப்படியே. எல்லாவற்றையும்விட ஆபத்து நான்ஸ்டிக் தவா. அதை வெறுமனே அடுப்பில் மறந்துவிட்டால், அதிகச் சூட்டில் மேல்பூச்சிலிருந்து வரும் ஆவி நமக்குத் தெரியாது. பக்கத்தில் கூண்டு இருந்தால் சில நிமிடங்களில் பறவை விழுந்துவிடும். கொசுவத்தி, கொசு லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே, வெள்ளிக்கிழமை சாம்பிராணி ஆகியவையும் கூண்டு இருக்கும் அறையில் வேண்டாம். சாம்பிராணி போட்டே ஆக வேண்டும் என்றால் கூண்டை வேறு அறைக்கு மாற்றி, புகை போனபிறகு கொண்டுவாருங்கள்.

ஏசி ரூமில் பறவை செத்துவிடாது. ஆனால் ஏசி காற்று நேராகப் படும். ராத்திரி குளிரும், பகலில் நிறுத்தினால் புழுங்கும். கரண்டு போனால் மூடிய அறையில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கொசு லிக்விட் மாட்டுவதும் அநேகமாக அந்த அறையில்தான்.

ஆக, மிஞ்சுவது ஹால். வாசலுக்கு நேராக இல்லாத உள்சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கூண்டின் முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும். நான்கு பக்கமும் திறந்து நடுவில் தொங்கினால் பட்ஜி எந்நேரமும் மிரண்டபடியே இருக்கும். உயரம் உங்கள் நெஞ்சுக்கும் கண்ணுக்கும் இடையில். ஜன்னல் வெளிச்சம் வர வேண்டும், மதிய வெயில் கூண்டில் விழக்கூடாது. இதைக் காலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகல் 2 மணிக்கு அந்த இடத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாருங்கள். வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினால் பறவைக்குச் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம்.

ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், டிவிக்குப் பக்கத்திலும் வேண்டாம். ராத்திரி 10, 12 மணி நேரம் அதற்கு இருட்டும் அமைதியும் தேவை. உங்கள் வீட்டில் சீரியல் பத்து மணிவரை ஓடுமென்றால், ஏழு மணிக்கே கூண்டைத் தூக்கி வேறு அறையில் வைக்க வசதியாக ஸ்டாண்டு கூண்டாக வாங்குவது நல்லது. மீன் வாடைக்கு வரும் பூனை கூண்டையும் பார்க்கும், எனவே ஜன்னல் திண்டு அருகிலும் வைக்காதீர்கள்.

இனி கூண்டு. ஜிஐ கம்பி என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. உப்புக்காற்றில் அதன்மேல் வெள்ளைப்பொடி பூக்கும். பட்ஜியோ நாள் முழுக்கக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். துத்தநாகம் உள்ளே போனால் சோர்வு, வாந்தி, பிறகு சாவு. பவுடர் கோட்டிங் செய்தது அதைவிடப் பரவாயில்லை, பூச்சு உரியாத வரைக்கும். கையில் காசு இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகம். காந்தம் கொண்டுபோங்கள், ஒட்டினால் அநேகமாக அது வெறும் இரும்பு. மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் கடலோரத்தில் சீக்கிரம் கறை பிடிக்கும். அதனால் "304" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடை பாருங்கள். 304 ஆனாலும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. உயரமான கோபுரக் கூண்டு பார்க்க அழகு, ஆனால் பட்ஜி பக்கவாட்டில்தான் பறக்கும். நீளமான கூண்டு வாங்குங்கள், ஜோடிக்கு 30 அங்குலமாவது இருக்கட்டும்.

கேள்வி: தொண்டியிலிருந்து எழுதுகிறேன். பறவை கொறிக்கக் கூண்டில் வைக்கும் கணவாய் ஓட்டைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். எங்கள் கரையிலேயே ஒதுங்கிக் கிடக்கிறது. அதையே வைக்கலாமா?

பதில்: தாராளமாக. கடலில் ஒதுங்குவதைக் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? கறுத்ததும் எண்ணெய்ப் படிவு உள்ளதும் வேண்டாம், வெள்ளையாக, முழுசாக இருப்பதை எடுங்கள். உப்பு போகத் தினமும் தண்ணீர் மாற்றிச் சில நாள் ஊறப்போட்டு, கொதிக்கவைத்து, வெயிலில் காயவையுங்கள். மெத்தென்ற பக்கம் பறவையைப் பார்த்தபடி கட்டுங்கள். உட்காரும் குச்சிக்கும் காசு வேண்டாம், கொய்யா அல்லது வேப்பங்கிளை போதும். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் சும்மா கிடைப்பது சீமைக்கருவேலம்தான், ஆனால் அந்த முள் ஆட்டுக்காரருக்கே ஆகாது. ஆனால் தீவனத்துக்கான தினையையும் கம்பையும் மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். வாடைக்காலத்தில் ஈரம் ஏறிக் கட்டிதட்டும், பூஞ்சை பிடித்த தீவனம் பறவைக்கு விஷம்.

கேள்வி: கீழக்கரை. தெரிந்தவர் பச்சைக்கிளிக் குஞ்சு தருகிறேன் என்கிறார். மாடித் தாழ்வாரத்தில் வைக்கலாமா?

பதில்: எங்கேயும் வைக்க முடியாது. நம் நாட்டுப் பச்சைக்கிளி 1972 வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிடிப்பதும் விற்பதும் வாங்கி வளர்ப்பதும் குற்றம். "எல்லாரும் வளக்குறாங்க" என்பது வனத்துறையிடம் செல்லாது. கிளிதான் வேண்டுமென்றால் காக்கட்டீல் என்ற கொண்டைக் கிளியைப் பாருங்கள். ஆப்பிரிக்க கிரே கிளி போன்றவற்றுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு கட்டாயம்.

கேள்வி: தேவிபட்டினம். "துருவே பிடிக்காது" என்று சொல்லி விற்ற கூண்டு இரண்டே மாதத்தில் துருப்பிடித்துவிட்டது. கேட்டால், "கடல் காத்துக்கு நான் என்ன பண்ண முடியும்" என்கிறார் கடைக்காரர். பில் தரவில்லை. ஜிபேயில்தான் பணம் கொடுத்தேன்.

பதில்: கடல் காற்று அவருக்கு நேற்றுத்தான் தெரிந்ததா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பொருளின் தரத்தைப் பற்றி வாயால் சொன்ன பொய்யும் முறையற்ற வணிகம்தான், பில் தராததும் அதேதான். ஜிபே பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். துருவைத் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். சொன்னதையும் நடந்ததையும் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி, மாற்றித் தரவோ பணம் தரவோ 15 நாள் கெடு கொடுங்கள். அவர் பதிலே போடாவிட்டாலும் அந்தச் செய்தி ஓர் ஆதாரம். பிறகு 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதுவரை பறவையை அந்தக் கூண்டில் விட்டுவைக்காதீர்கள். கூண்டையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், ஆணையத்தில் கேட்பார்கள்.