ஒல்யாவ் சந்தையில் என்ன வாங்கலாம், எப்படி வாங்கலாம்?

கேள்வி: போர்ச்சுகலின் அல்கார்வ் பக்கம் ஒரு மாதம் வீடு எடுத்துத் தங்கப் போகிறோம். சமையல் நாங்களேதான். சந்தைக்கு எந்த நாள், எத்தனை மணிக்குப் போகலாம்?

பதில்: போர்ச்சுகலின் தென்கரையில் நல்ல சந்தை வேண்டுமென்றால் ஒல்யாவ் ஊருக்குப் போங்கள். ரியா ஃபொர்மோசா உப்பங்கழியை ஒட்டி, 1916இல் திறந்த இரண்டு செங்கல் கட்டடங்கள். ஒன்று முழுக்க மீன். மற்றதில் காய், பழம், இறைச்சி. காலை 7 மணிக்கே களைகட்டிவிடும், மதியத்தோடு சரி. ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகள் கட்டடத்துக்கு வெளியே, தண்ணீரோரமாகக் கடை பரப்புவார்கள். கூட்டம் நெரிந்தாலும் என் ஓட்டு சனிக்குத்தான். 9 மணிக்குள் போய்விடுங்கள். திங்கட்கிழமை மீன் வாங்க வேண்டாம். ஞாயிறன்று படகுகள் பெரும்பாலும் ஓய்வெடுக்கும்.

கேள்வி: உள்ளூரில் விளைந்தது எது, வெளியிலிருந்து வந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: காய், பழத்துக்கு விலை அட்டையிலேயே எந்த நாட்டுச் சரக்கு என்று எழுத வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். அதைவிட, கடையைப் பாருங்கள். வாழைப்பழம், மாம்பழம், ஒரே அளவில் பளபளக்கும் தக்காளி என்று எல்லாமே இருந்தால் அவர் மொத்தச் சந்தையில் வாங்கி விற்பவர். ஒரு பாட்டி நாலு கட்டு கீரை, ஒரு கூடை எலுமிச்சை, ஒரு டஜன் முட்டை, காய்ந்த அத்தி கொஞ்சம் மட்டும் வைத்து உட்கார்ந்திருந்தால், அது அநேகமாக அவர் தோட்டத்துச் சரக்கு. முதலில் அவரிடம் வாங்குங்கள். பருவமும் துப்புக் கொடுக்கும்: ஏப்ரல், மே மாதங்களில் லோக்காட் பழம், கோடைக் கடைசியில் புது அத்தி, குளிர்காலத்தில் ஆரஞ்சும் அல்ஜெசூர் ஊர்ச் சர்க்கரைவள்ளியும்.

கேள்வி: மீன் பெயர்கள் ஒன்றும் புரியவில்லை. குழம்புக்கு எது ஆகும்?

பதில்: கவலையே வேண்டாம், பாதி நமக்குச் சொந்தக்கார மீன்கள்தான். சர்தீன்யா என்பது மத்தி வகை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொழுப்பேறி இருக்கும். அவர்கள் குடலைக்கூட எடுக்காமல் கல்லுப்பு தூவிக் கரியில் சுடுவார்கள். கவாலா, நம் கானாங்கெளுத்தியின் குடும்பம். புளிக்குழம்புக்கு என் முதல் தேர்வு இதுதான், விலையும் மலிவு. கராபாவ், பாறை மீனின் உறவு. சின்னதை அப்படியே பொரிக்கலாம்.

தொராதா (சீ பிரீம்), ருபாலு (சீ பாஸ்) மீன்களை வாங்கும்போது மட்டும் அட்டையை வாசியுங்கள். ‘அக்விகுல்தூரா’ என்றிருந்தால் பண்ணையில் வளர்த்தது. கடல் மீன் என்றால் அட்டையில் பிடித்த கடற்பகுதியும் இருக்கும், விலையும் கூடும். காரமான குழம்பில் போடப் போகிறீர்கள் என்றால் பண்ணை மீனே போதும். கண் குழியாமல், செவுள் சிவப்பாக, அழுத்தினால் பள்ளம் விழாமல் இருக்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எடை போட்டதும் ‘அமன்யார்’ என்று சொன்னால் செதிலும் குடலும் நீக்கித் தருவார்கள். குழம்புக்குத் துண்டு வேண்டுமானால் விரலால் அளவு காட்டுங்கள். தலையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கழியில் மட்டி குவிந்து கிடக்கிறது. நாமே பொறுக்கி எடுத்துச் சமைத்தால் என்ன?

பதில்: வேண்டாம். சில காலங்களில் கடலின் நுண்பாசி நஞ்சு மட்டியில் சேரும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. அரசின் கடல் ஆய்வு நிறுவனம் சோதித்து, பகுதிவாரியாக எடுக்கத் தடை போடும். சந்தை மட்டி இந்தக் கண்காணிப்பைத் தாண்டித்தான் வருகிறது; தெருவோரத்தில் பையில் விற்பதற்கு அந்த உத்தரவாதம் இல்லை. வாங்கியதை லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த குளிர்ந்த தண்ணீரில் சில மணி நேரம் போட்டால் மணலைக் கக்கிவிடும். தட்டியும் வாய் மூடாதது, வெந்தும் திறக்காதது, இரண்டையும் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: எங்களில் சிலர் சைவம். அங்கே அவர்கள் சீஸ் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக, ஆனால் பெயர் பார்த்து. பல சீஸ்களில் பாலை உறைய வைப்பது கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். செர்ரா த எஷ்த்ரேலா, அசெய்தாவ், செர்பா மூன்றும் அப்படியல்ல. செம்மறி ஆட்டுப்பால், உப்பு, ஒரு வகை முட்செடியின் பூ, அவ்வளவுதான். லேசான கசப்பு அந்தப் பூவின் வேலை. இன்னொன்று: கீரை சூப் என்று நம்பி கால்து வேர்த் வாங்கிவிடாதீர்கள், பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். அதற்கென்று நூல் போலச் சீவிய கீரையைச் சந்தையிலேயே பையில் போட்டு விற்பார்கள். தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் அருமை.

கேள்வி: பேரம் பேசலாமா?

பதில்: கூடாது. காலை வணக்கமாக ஒரு ‘போங் தியா’ சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள், பழத்தை அமுக்கிப் பார்க்காதீர்கள், சில்லறை யூரோ வைத்திருங்கள். பழகிவிட்டால் கொசுறாக ஒரு கொத்து மல்லித்தழை கிடைக்கும். தென்பகுதிச் சமையலில் அதற்குப் பஞ்சமே இல்லை.