பெரியப்பாவைப் பார்க்கப் போகிறீர்களா, கூட்டிவரப் போகிறீர்களா?

கேள்வி: எங்கள் பெரியப்பாவுக்கு 79 வயது. 1984இல் லண்டன் போனவர். பெற்றோல் செட்டில் வேலை செய்து சொந்தமாக வீடு வாங்கினார். பிள்ளைகள் இல்லை. பெரியம்மா தவறி மூன்று வருடம். அதன்பின் மேல்மாடி அறைக்கு வாடகைக்கு வந்த ஒரு பெண்ணும் அவருடைய தம்பியும்தான் இப்போது வீட்டையே நடத்துகிறார்கள். நாங்கள் எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைக்க விடுகிறார்கள். போன கிழமை மெல்லிய குரலில், "வீட்டுக் கடதாசி ஒண்டில கையெழுத்து வைச்சனான் பிள்ளை" என்றார். சில நாட்களில் பெரியம்மா உயிரோடு இருப்பதுபோலவும் கதைக்கிறார். நான், தம்பி, அத்தான் மூவரும் உடனே போய் அவரைத் திருகோணமலைக்குக் கூட்டிவர நினைக்கிறோம். வீசாவுக்கு என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, உப்புவெளி

பதில்: வீசாவை இரண்டாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்கச் சாதாரணமாக மூன்று கிழமை செல்லும். கையெழுத்து வைத்த கடதாசி அதுவரை காத்திருக்காது. உங்கள் பெரியப்பாவைக் காப்பாற்றும் வேலையில் பாதியை உப்புவெளியில் இருந்தபடியே இந்தக் கிழமை தொடங்கலாம். லண்டன் அலுவலகங்கள் காலை ஒன்பதுக்குத் திறக்கும்போது இங்கே கோடைக்காலத்தில் பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. பின்னேரத்தை அதற்கென்று ஒதுக்குங்கள்.

முதலில் வீடு. இங்கிலாந்தில் காணிப் பதிவேடு எவரும் பார்க்கக்கூடியது. அரசாங்கத்தின் லாண்ட் ரெஜிஸ்ட்ரி இணையத்தளத்தில் முகவரியைக் கொடுத்து 7 பவுண் கட்டினால் உரிமையாளர் யார், வீட்டின்மேல் கடன் ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்ற விபரம் கிடைக்கும். பெரியப்பாவின் பெயர் அப்படியே இருந்தாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மாற்றத்துக்கான விண்ணப்பம் போய், பதிவுக்காகக் காத்திருக்கலாம். அதே தளத்தில் ப்ராப்பர்ட்டி அலேர்ட் என்று ஓர் இலவச சேவை உண்டு. வீடு உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை; ஒருவர் பத்து முகவரிவரை பதியலாம். அந்த வீட்டின்மேல் யாராவது விண்ணப்பம் போட்டால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். அது எதையும் தடுக்காது, மணி மட்டும் அடிக்கும். தடுப்பதற்கு, சொலிசிட்டர் (அங்குள்ள சட்டத்தரணி) ஒருவர் சான்று கொடுக்காமல் பெயர் மாற்றக்கூடாது என்ற கட்டுப்பாட்டைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். அதை உரிமையாளரான பெரியப்பாதான் கேட்க வேண்டும். ஆகவே அது நீங்கள் போனபின் செய்யும் வேலை.

அவர் கையெழுத்து வைத்தது வீட்டு மாற்றமாக இல்லாமல், தனக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் தத்துவப் பத்திரமாகவும் இருக்கலாம். நமது அற்றோணித் தத்துவத்துக்கு ஒத்த ஒன்று அங்கே உண்டு, சுருக்கமாக எல்.பி.ஏ. என்பார்கள். பப்ளிக் கார்டியன் அலுவலகத்தில் பதிந்தால்தான் அது செல்லும். அப்படி யாராவது பதிந்திருக்கிறார்களா என்று ஓ.பி.ஜி.100 என்ற படிவத்தில் கேட்டால் இலவசமாகத் தேடிச் சொல்வார்கள். பதிந்தவர் பணத்தைத் தவறாகக் கையாளுகிறார் என்று சந்தேகம் இருந்தால், விசாரிக்கும் அதிகாரமும் அதே அலுவலகத்துக்குத்தான்.

அடுத்தது கவுன்சில், இதுதான் முக்கியம். லண்டனில் பறோக்கள் என்ற 32 உள்ளூராட்சிப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுன்சில். பெரியப்பாவின் முகவரி எந்தப் பறோவில் வருகிறதோ அந்தக் கவுன்சிலின் வயதுவந்தோர் சமூகப் பராமரிப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 2014ஆம் ஆண்டின் கெயார் சட்டம், 42ஆம் பிரிவு, மூன்று விடயம் சேர்ந்திருந்தால் கவுன்சில் விசாரித்தே ஆகவேண்டும் என்கிறது: ஒருவருக்குப் பராமரிப்புத் தேவை இருக்க வேண்டும், அவர் துன்புறுத்தலுக்கோ சுரண்டலுக்கோ ஆளாகிறார் அல்லது ஆளாகும் ஆபத்து இருக்க வேண்டும், அந்தத் தேவையின் காரணமாகவே தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவராக இருக்க வேண்டும். உங்கள் மின்னஞ்சல் இந்த மூன்றையும் தொட வேண்டும். "அவர்கள் கள்ளர்" என்று எழுதினால் அது குடும்பச் சண்டையாகத் தெரியும். "இன்ன திகதி, இத்தனை மணிக்கு, இறந்த மனைவி சமைக்கிறாள் என்றார், இன்ன திகதி, வீட்டுக் கடதாசியில் கையெழுத்து வைத்ததாகச் சொன்னார், மூன்று மாதமாக ஒருமுறையும் தனியாகக் கதைக்க விடவில்லை" என்று எழுதினால் அது தகவல். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தமிழில் எழுதி, கீழே ஆங்கிலம் போடுங்கள். பிறந்த திகதி, ஜீ.பி. எனப்படும் குடும்ப வைத்தியரின் பெயர் தெரிந்தால் அது, காது கேட்குமா, நடக்கிறாரா, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பவையும் வேண்டும். இன்னும் ஒரு வரியை மறக்காதீர்கள்: அவரைத் தனியாகச் சந்திக்க வேண்டும், இலங்கைத் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரோடு சந்திக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் மொழிபெயர்க்கக் கூடாது. இந்த வரி இல்லாததால், சந்தேகத்துக்குரிய ஆளே பக்கத்தில் இருந்து "அவர் நல்லா இருக்கிறார்" என்று மொழிபெயர்த்து, கோப்பு மூடப்படுவது உண்டு.

ஜீ.பி.க்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அவர் உங்களுக்கு எதுவும் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்கத் தடையில்லை. வயதானவர் திடீரெனத் தடுமாறிக் கதைத்தால் உடனே மறதி நோய் என்று முடிவு கட்டக்கூடாது. சிறுநீர்த் தொற்று, தண்ணீர் குடிக்காமை, பி12 குறைவு, தைரொயிட் கோளாறு, மாத்திரை மாறிப்போதல் எல்லாம் அப்படிச் செய்யும். அவற்றில் பல மருந்துக்குச் சரியாகிவிடும்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் பொலிஸ். அங்குள்ள அவசர இலக்கமான 999ஐ இங்கிருந்து அடித்தால் அங்கே போகாது. லண்டனில் இருக்கும் உறவினர் ஒருவரை அங்கிருந்து அடிக்கச் சொல்லுங்கள்; அவ்வளவு அவசரம் இல்லையென்றால் லண்டன் பொலிஸின் இணையத்தளப் படிவத்தில் எழுதுங்கள்.

இனி வீசா. வேண்டியது சாதாரண விசிட்டர் வீசா, ஆறு மாதம்வரை. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். இணையத்தில் நிரப்பிவிட்டு, கைரேகைக்குக் கொழும்பு போகவேண்டும். மூவரும் போவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. மூன்று பேராகக் கதவைத் தட்டினால் பெரியப்பாவே பயந்துபோவார். மற்றவர்கள் அதைப் "படையெடுப்பு" என்பார்கள். அவரோடு மனம்விட்டுக் கதைக்கக்கூடிய நீங்களும், நிரந்தர வேலையும் லீவுக் கடிதமும் காட்டக்கூடிய ஒருவரும் போதும்.

போகும் காரணத்தை உள்ளபடி எழுதுங்கள்: மனைவியை இழந்து, உடல்நலம் குன்றியிருக்கும் பெரியப்பாவை (தந்தையின் அண்ணனை) பார்க்க, மூன்று அல்லது நான்கு கிழமை. சுற்றுலா என்று எழுதாதீர்கள். விமான நிலையத்தில் பையைத் திறந்து கவுன்சில் மின்னஞ்சலைக் கண்டால் கதை மாறும். "ஆறு மாதம் நின்று பராமரிக்க" என்றும் எழுதாதீர்கள். விசிட்டர் வீசா பராமரிப்பு வேலைக்கோ அங்கேயே தங்குவதற்கோ உரியதல்ல. பெரியப்பாவின் அழைப்புக் கடிதம் கட்டாயமில்லை. அந்த வீட்டில் தங்கவும் வேண்டாம். வேறு உறவினர் வீட்டு முகவரியோ ஹோட்டல் பதிவோ போதும்.

உறவை நிரூபிக்கும் இடத்தில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ், அப்பாவினுடையது, பெரியப்பாவினுடையது என மூன்றும் வேண்டும். பின்னைய இரண்டிலும் அப்பப்பா, அப்பம்மா பெயர்கள் ஒத்திருக்க வேண்டும். ஒன்றில் முதலெழுத்து, மற்றதில் முழுப்பெயர், கடவுச்சீட்டில் வேறு எழுத்து என்று இருக்கும். அதற்கு ஒரு சத்தியக் கடதாசி முடித்து, தமிழில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுங்கள்.

வங்கிக் கணக்கில் "காசு காட்டுற" வேலை வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் இருபதாயிரத்தோடு கிடந்த கணக்கில் கடைசிக் கிழமை பதினைந்து இலட்சம் விழுந்தால் அந்த ஒரு வரியே நிராகரிப்புக்குப் போதும். பொய்க் கடிதம் பிடிபட்டால் பத்து வருடம்வரை தடை. நிராகரித்தால் மேன்முறையீடு இல்லை, கட்டிய பணமும் திரும்பாது. வேறு உறவினர் செலவை ஏற்பதாக இருந்தால் அவருடைய கணக்கையும் கடிதத்தையும் நேராக வையுங்கள். பெரியப்பாவின் காசில் டிக்கெட் எடுக்காதீர்கள். பின்னால் யாராவது வங்கிக் கணக்கைப் புரட்டும்போது முதலில் கண்ணில் படும் செலவு உங்களுடையதாக இருக்கக்கூடாது. பயணக் காப்புறுதி எடுங்கள்; அங்கே நீங்கள் வார்டில் படுக்க நேர்ந்தால் செலவின் ஒன்றரை மடங்கு கேட்பார்கள்.

அங்கே போனதும் முதல்நாள் ஒன்றும் கேட்காதீர்கள். சும்மா இருந்து தேத்தண்ணி குடியுங்கள், கண்ணை மட்டும் திறந்து வையுங்கள். ஃபிரிட்ஜில் என்ன இருக்கிறது? மாத்திரை அட்டையில் எந்தக் கிழமையோடு நின்றிருக்கிறது? பிரிக்காத கடித உறைகள் எங்கே குவிந்திருக்கின்றன? அவர் படுப்பது தன் அறையிலா, கூடத்திலா? அந்தப் பெண்ணைப் பற்றி முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மூன்று வருடமாக அவருக்குச் சோறு போட்ட ஒரே ஆளாகவும் அவர் இருக்கலாம். நாங்கள் யாரும் அங்கே இருக்கவில்லை.

இரண்டாம் நாள் வெளியே கூட்டிப் போங்கள். கோயிலுக்கோ கடைக்கோ, எங்கேயாவது. அங்கே, "பெரியப்பா, உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தின்படி, ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை இருப்பதாகவே கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு முட்டாள்தனமாகத் தெரியும் முடிவும் அவருடைய முடிவுதான். சொல்வதை விளங்குகிறாரா, முடிவெடுக்கும்வரை நினைவில் வைக்கிறாரா, சீர்தூக்குகிறாரா, பதிலைத் தெரிவிக்கிறாரா என்பதுதான் சோதனை. காலையில் இருக்கும் திறன் பின்னேரம் இல்லாமலும் போகலாம். வைத்தியர், சொலிசிட்டர் சந்திப்புகளைக் காலையிலேயே வையுங்கள்.

திறன் இருந்தால் எல்.பி.ஏ. எழுதலாம், பணத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று. சொலிசிட்டர் அவரைத் தனியாகச் சந்திக்கட்டும், நீங்கள் வெளியே இருங்கள். உள்ளே இருந்தீர்களானால் நாளைக்கு உங்கள்மேலும் அதே குற்றச்சாட்டு வரும். திருகோணமலையில் இருப்பவரும் சட்டப்படி அற்றோணியாகலாம், ஆனால் லண்டன் வங்கியோடு இங்கிருந்து மல்லுக்கட்டுவது பெரும் பாடு. அங்கேயுள்ள நம்பிக்கையான ஒருவரையும் சேர்த்து, தனித்தனியாகவும் சேர்ந்தும் செயற்படலாம் என்று போடுங்கள். எல்லாவற்றுக்கும் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று போட்டால், ஒருவர் இறந்தாலோ விலகினாலோ முழுப் பத்திரமும் படுத்துவிடும். கையெழுத்து வரிசை முக்கியம்: முதலில் பெரியப்பா, அடுத்து அவர் விளங்கித்தான் கையெழுத்திடுகிறார் என்று சான்று கொடுப்பவர், கடைசியில் அற்றோணிகள். வரிசை மாறினால் திருப்பி அனுப்புவார்கள். சான்று கொடுப்பவர் குடும்பத்தவராக இருக்க முடியாது. ஆட்சேபணைக்கே நான்கு கிழமை விடுவார்கள். எனவே நீங்கள் நிற்கும்போது கையெழுத்துத்தான் முடியும், பதிவு முடியாது.

திறன் இல்லையென்றால் எல்.பி.ஏ. எழுத முடியாது. பாதுகாப்பு நீதிமன்றத்தில் டெபியூட்டி (அவருக்காக முடிவெடுப்பவர்) நியமனம் கேட்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கு. வீட்டுக் கடதாசி உண்மையிலேயே பெயர்மாற்றமாக இருந்தால் சொலிசிட்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். அழுத்தத்தின் பேரில் வாங்கிய கையெழுத்தை நீதிமன்றம் ரத்துச் செய்யலாம்.

எங்களுக்கு வரும் கடிதங்களில் யாரும் கேட்காத ஒன்று கல்யாணம். இங்கிலாந்துச் சட்டத்தில் கல்யாணம் முடித்தால் முன்பு எழுதிய மரணசாசனம் செல்லாமல் போகும். வீட்டில் அப்படி ஒரு பேச்சு இருப்பதாகக் காதில் விழுந்தால், உள்ளூர்ப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கலாம். அறிவித்தல் கொடுத்து 28 நாள் போகவேண்டும் என்பதால் நேரம் இருக்கும்.

வாடகைக்கு இருப்பவர்களை நீங்கள் வெளியே போடப் போகாதீர்கள். உரிமையாளரோடு ஒரே வீட்டில் குசினி, குளியலறையைப் பகிர்ந்து வாழும் வாடகையாளருக்கு நியாயமான முன்னறிவித்தல் போதும்; மாத வாடகை என்றால் பெரும்பாலும் ஒரு மாதம். அந்த அறிவித்தலைக் கொடுக்க வேண்டியவர் பெரியப்பா. வீட்டுக்குக் கட்டும் கவுன்சில் வரியில், ஒருவர் மட்டும் வாழ்ந்தால் கிடைக்கும் தனியாள் கழிவாக 25 வீதம் இன்னும் எடுக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். மூன்று பேர் இருந்துகொண்டு எடுத்தால் பாக்கி அவர் தலையில்தான் விழும்.

திருகோணமலைக்குக் கூட்டிவருவது அவர் கேட்டால் மட்டும். நிரந்தரமாக வந்துவிட்டால், அவருடைய அரச ஓய்வூதியம் இலங்கைக்கும் வரும், ஆனால் வருடாவருடம் கூடாமல் வந்த தொகையிலேயே நின்றுவிடும். இலவச வைத்தியமும் பராமரிப்புக் கொடுப்பனவும் அங்கேயே நின்றுபோகும். திறன் இல்லாத ஒருவரை விமானத்தில் ஏற்றிவிட்டால், நல்லெண்ணமாக இருந்தாலும், கேள்வி உங்களிடம்தான் வரும். வர விரும்பினால் இரண்டு மாதத்துக்கு, திரும்பும் டிக்கெட்டோடு, வீட்டை விற்காமல் வரட்டும். நிலாவெளியில் அவருக்குக் காணி இருந்தால், அந்த இரண்டு மாதத்தில் உறவுக்காரர் எவரும் உறுதி எழுதக் கேட்கக்கூடாது என்பதை முதலே வீட்டில் கதைத்து வையுங்கள்.

திரும்புமுன் கவுன்சிலில் உங்கள் கோப்பைப் பார்ப்பவரின் பெயரையும், அடுத்து எப்போது வந்து பார்ப்பார் என்ற திகதியையும் எழுத்தில் வாங்குங்கள். பெரியப்பாவுக்குப் பெரிய எண்கள் உள்ள சாதாரண ஃபோன் ஒன்று வாங்கி, உங்கள் இலக்கத்தை ஒற்றைப் பொத்தானில் போட்டு, சார்ஜரைக் கட்டில் பக்கத்தில் சொருகிவிட்டு வாருங்கள். திரும்பும் டிக்கெட் திகதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.