லேமினேஷனும் அலுவலக அறிவிப்புகளும்: கேள்வி பதில்

கேள்வி: லேமினேட் செய்த தாள் வெண்மையாக மங்கித் தெரிகிறது. தாளை மூடும் பிளாஸ்டிக் படல உறையான பவுச் தரமற்றதா?

பதில்: பவுச்சைக் குறை கூறுமுன் சூட்டைக் கவனியுங்கள். பவுச்சின் வெளிப்புறம் பாலியஸ்டர். உட்புறத்தில் பூசியுள்ள ஈ.வி.ஏ. பசை முழுதும் உருகித் தாளைப் பற்றினால்தான் படலம் தெளிவடையும். இயந்திரம் சூடேறுமுன் செலுத்தினாலும், 80 மைக்ரான் தடிமனுக்கு உரிய சூட்டில் 125 மைக்ரான் பவுச்சைச் செலுத்தினாலும் பசை அரைகுறையாக உருகி அந்த வெண்மை தோன்றுகிறது. சூட்டைச் சற்றுக் கூட்டி மறுமுறை செலுத்தினால் பெரும்பாலும் மறையும். தாள் அலையலையாக நெளிந்தால் சூடு மிகுதி என்று பொருள். இன்க்ஜெட்டில் அச்சிட்ட தாளை ஈரம் உலருமுன் மூடினால் எழும் குமிழ்களுக்கு மட்டும் பரிகாரம் இல்லை. பவுச்சின் ஒட்டியுள்ள விளிம்பே இயந்திரத்தில் முதலில் நுழைய வேண்டும். அசல் சான்றிதழ்களை இயந்திரத்தின் அருகிலேயே கொண்டுசெல்லாதீர்கள்.

கேள்வி: கை கழுவும் இடத்தில் ஒட்டிய ‘குழாயை மூடவும்’ அறிவிப்பு ஓரத்தில் பிரிந்து, உள்ளே நீர் புகுந்துவிட்டது.

பதில்: ஓரம் விடாமல், தாளின் விளிம்போடு படலத்தை வெட்டியிருப்பீர்கள். ஏ4 தாள் 210க்கு 297 மி.மீ.; அதற்கான பவுச் பரவலாக 216க்கு 303 மி.மீ. படலமும் படலமும் நேரடியாக ஒட்டும் இடம் சுற்றியுள்ள அந்த 3 மி.மீ. மட்டுமே.

கேள்வி: இதை ஏற்க இயலாது. பல ஆண்டுகளாக ஓரமின்றி வெட்டுகிறேன், எதுவும் பிரியவில்லை. ஓரம் விட்டால் பார்க்கவும் அழகில்லை.

பதில்: குளிரூட்டிய அறையின் உட்சுவரில் பிரியாதுதான், கேட்டவரின் அறிவிப்பு தொங்குவதோ குழாயடியில். அழகு வேண்டுமெனில் ஓரத்தை விட்டு, மூலைகளை மட்டும் வளைவாக வெட்டுங்கள்.

கேள்வி: ஓரம் விட்டும் என் அறிவிப்பில் நீர் புகுந்ததே! கயிறு கோக்கத் துளைதான் இட்டேன்.

பதில்: அத்துளையே வழி. முதலில் தாளில் பெரிய துளை இட்டு லேமினேட் செய்த பின், அதன் நடுவே படலத்தில் மட்டும் சிறிய துளை இடுங்கள். விளிம்பைப் பற்றிய விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி: எனக்கும் வெண்மையாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த அறிவிப்பு, அச்சகக் கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது.

பதில்: அங்கே அந்த எழுத்துரு இல்லை. எழுத்துருவை உட்பொதித்துப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் இப்போதைக்குத் தப்பலாம். ஆனால் எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசே 2010இல் ஏற்றுவிட்ட பிறகு பாமினியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டிய தேவை என்ன?

கேள்வி: உருளையில் பவுச் சுற்றிக்கொண்டது.

பதில்: மின்இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள்.

கேள்வி: பிரிண்டரின் உத்தரவாத ரசீது மங்கிவருகிறது, லேமினேட் செய்யலாமா?

பதில்: வெப்பத்தால் அச்சாகும் அந்தத் தாள் இயந்திரத்திலிருந்து கறுப்பாகத்தான் வெளிவரும். இன்றே நகலெடுத்து, நகலை லேமினேட் செய்யுங்கள். அசல் எதுவாயினும் உறையில் இருக்கட்டும்.